கூட்டரசு நெடுஞ்சாலையின் இடது ஓரம்

தங்கை மகனுக்கு ஷா ஆலமில் வேலை கிடைத்திருந்தது. பொறியியலில் டிப்ளோமா முடித்த பையன். தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். வீடு பிரிக்பீல்ட்ஸில். கொமுட்டர் ரயில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை நிலையத்திலிருந்து வெகுவாகத் தள்ளி இருக்கிறது, போதாக்குறைக்கு இரவு ஷிஃப்ட்டும் உண்டு. காடி வாங்குமளவுக்குக் கையில் காசு சேரவில்லை. அதனால் பழைய கப்சாய் மோட்டார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது.

“அண்ணே, திங்கட்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க அவனோட போயிட்டு வந்துடுங்க. வழி தெரிஞ்சிட்டா எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்” என்றாள்.

நானும் இருபது வருடம் மோட்டாரில் வேலைக்குப் போனவன். தாய்மாமனுக்கு இந்தக் கடமைகூட இல்லையென்றால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆளுக்கொரு மோட்டாரில் புறப்பட்டோம். ஷா ஆலமில் தொழிற்சாலை வாசலைப் பார்த்துவிட்டு, அப்படியே கிள்ளான் வரை போய்ப் பெரியப்பாவையும் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம்.

பையன் கைப்பேசியில் வழியைப் போட்டான். கிள்ளானுக்கு இன்றைக்கு எத்தனையோ வழிகள். வடக்கே 1993இல் திறந்த வடகிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை, தெற்கே கெசாஸ், நடுவில் புதிய பந்தாய் விரைவுச்சாலை. “மாமா, இதுல எதுல போறோம்?” என்றான்.

“எல்லாத்துக்கும் மூத்ததுல” என்றேன்.

ஆறு, ரயில், சாலை

கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிறவர்கள் பலர், அதை நெரிசல் என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். நம் நாட்டில் ஒரு சாலை எப்படிப் படிப்படியாக வளர்ந்தது என்று பார்க்க வேண்டுமானால் இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பாடம் தொடங்குமிடம் பிரிக்பீல்ட்ஸ்.

ஒரு காலத்தில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஆறுதான் வழி. படகைத் துடுப்பாலும் கழியாலும் தள்ளிக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக வர நாட்கணக்கில் ஆகும். சிலாங்கூரின் தலைநகர் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. துறைமுகம் ஒரு பக்கம், தலைநகர் இன்னொரு பக்கம் என்றான பிறகு இரண்டையும் இணைத்தே ஆகவேண்டியிருந்தது. 1886இல் ரயில் வந்தது. முதலில் கிள்ளான் ஆற்றின் மறுகரையில் புக்கிட் கூடா வரை, நான்கு ஆண்டுகள் கழித்து ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் ஊருக்குள். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது அந்தத் துறைமுகம்தான்.

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில் வந்தபின் ரயில்வேக்காரர்களின் ஊரானது. தண்டவாளம் போட்டவர்கள், பெட்டிகளைப் பழுதுபார்த்தவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் என்று நம்மவர்களும் யாழ்ப்பாணத்தவரும் இங்கே குடியேறினார்கள். பழைய ரயில்வே வளாகம் இருந்த இடத்தில்தான் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது.

ரயிலுக்குத் துணையாக ஒரு சாலையும் இருந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் கிள்ளான் சாலை. இப்போது அதன் ஒரு பகுதிக்குப் ‘பழைய கிள்ளான் சாலை’ என்று பெயர். ஜாலான் சையிட் புத்ராவில் மிட் வேலியை நெருங்கும்போது அது பிரிந்து போகும்.

“இதுதான் அசல்” என்று கையைக் காட்டினேன்.

பையன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தான். “டிராஃபிக் லைட்தான் தெரியுது மாமா.”

சுதந்திரம் வந்தபோது அந்தப் பழைய சாலை நிரம்பி வழிந்தது. ரப்பரும் ஈயமும் ஏற்றிய லாரிகள் துறைமுகத்துக்கு, அரிசியும் இயந்திரங்களும் ஏற்றிய லாரிகள் தலைநகருக்கு. நடுவில் பெட்டாலிங் ஜெயா என்ற புதிய ஊர் வேறு முளைத்திருந்தது. அதற்காகப் போட்ட புதிய நேர்ச்சாலை 1959இல் திறக்கப்பட்டது. அதுவே கூட்டரசு நெடுஞ்சாலை. நாட்டின் இரண்டாம் எண் கூட்டரசுச் சாலையின் ஒரு பகுதி அது. அந்த இரண்டாம் எண் சாலை கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கிக் குவாந்தான் வரை போகிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் கட்டிப் பிடித்திருக்கும் கயிறு என்று சொல்லலாம்.

தோரண வாயில்

அங்காசாபுரியைத் தாண்டும்போது பையன் ஹாரன் அடித்து மேலே கை காட்டினான். மின்னல் எஃப்எம் ஒலிபரப்பாகும் வளாகம் அல்லவா? அவன் பாட்டி காலையில் எழுந்ததும் முதலில் திருப்புவது அந்த வானொலியைத்தான்.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையின் இரு பக்கங்களையும் அணைத்தபடி நிற்கிறது கோத்தா டாருல் ஏசான் வளைவு. அதன் கீழ் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியும்? 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அதுவரை அது சிலாங்கூரின் நகரம், சிலாங்கூரின் தலைநகர். மாநிலம் தன் மடியிலிருந்த பிள்ளையை நாட்டுக்குத் தத்துக் கொடுத்தது போலத்தான். அந்த விட்டுக்கொடுத்தலை நினைவுபடுத்தும் சின்னமாக, புதிய எல்லையருகே எழுந்த வளைவு 1982இல் திறக்கப்பட்டது.

அந்த மாற்றத்தோடு சாலையும் மாறியது. தலைநகரை விட்டுக்கொடுத்த சிலாங்கூர், தனக்கென ஷா ஆலமை வளர்க்க வேண்டியிருந்தது. பழைய தலைநகர், புதிய தலைநகர், துறைமுகம் ஆகிய மூன்றும் ஒரே சாலையில் கோத்த மணிகளாயின. 1970களின் நடுவில் அந்தச் சாலையைத் தரம் உயர்த்தும் வேலை தொடங்கியது. குறுக்குச் சாலைகள் வந்து முட்டிய இடங்களில் மேம்பாலங்கள் எழுந்தன, போவதற்கும் வருவதற்கும் சாலை இரண்டாகப் பிரிந்தது. நினைத்த இடத்தில் நுழைந்து நினைத்த இடத்தில் திரும்பும் வழக்கம் அதோடு முடிந்தது. ஊர்ச் சாலை நெடுஞ்சாலையானது அப்போதுதான்.

தோட்டங்களின் மேல் ஓடும் சாலை

பெட்டாலிங் ஜெயாவில் எல்ஆர்டி பாதை பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. இரு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள், விளம்பரப் பலகைகள், ஹோட்டல்கள். கூட்டரசு நெடுஞ்சாலை கடந்து போகும் ஊர்களின் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டு போனால் பாதிக் கதைதான் தெரியும். மீதிக் கதை அந்த ஊர்களின் பழைய பெயர்களில் இருக்கிறது.

பெட்டாலிங் ஜெயா எழுந்த நிலம் எஃபிங்ஹாம் தோட்டம். 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் நெருக்கடியைக் குறைக்க, 1,200 ஏக்கர் ரப்பர் காட்டை எடுத்துப் புதிய நகரமாக்கினார்கள். சுபாங் ஜெயா, சீஃபீல்ட் தோட்டத்தின் மேல் எழுந்தது. ஷா ஆலமின் மத்தியப் பகுதி, சுங்கை ரெங்கம் தோட்டம். இந்த மூன்று தோட்டங்களிலும் இருட்டு விலகுமுன் பால் மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் யார் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

லயங்கள் போய்விட்டன. கோயில்கள் சில இடம் மாறின, சில மறைந்தன. ஆனால் பள்ளிகள் பழைய பெயரை விடவில்லை. பண்டார் உத்தாமாவில் பேரங்காடிகளுக்கு அருகே எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சீஃபீல்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டம் எங்கே என்று கேட்டால் காட்ட ஒரு மரம்கூட இல்லை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் மட்டும் அந்தப் பெயர் தைத்திருக்கிறது.

சாலை அந்தத் தோட்டங்களை விழுங்கியது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா? அப்படிச் சொல்பவர்களும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதே சாலைதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு வேலையையும் காட்டியது. 1970களில் சுங்கைவேயில் வரியில்லா வாணிப வட்டாரம் தொடங்கியபோது, மின்னணுத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் தோட்டங்களின் முச்சந்திவரை வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. தாய் பால்வாளி தூக்கிய குடும்பத்தில் மகள் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கம்பி இணைத்தாள். முதல் சம்பளக் காசைக் கையில் வாங்கிய பெண்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். அவர்கள் அண்ணன் தம்பிகள் என்ன செய்தார்கள்? பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரு ஹோண்டா வாங்கினார்கள்.

இரண்டு சக்கரத்துக்கு ஒரு வழி

இங்கேதான் நான் பையனைக் கூட்டிவந்த காரியமே இருக்கிறது. காடிகள் பறக்கும் பெரிய சாலையின் இடது ஓரத்தில், தடுப்புக்கு அப்பால், ஒரு சின்னப் பாதை பிரிகிறது. மோட்டார் படம் போட்ட நீலப் பலகை. வேகத்தைக் குறைத்து உள்ளே நுழைந்தோம்.

சட்டென்று சத்தம் குறைகிறது. இரண்டு மோட்டார் ஒன்றையொன்று முந்தும் அகலம்தான். பெரிய சாலை நேராகப் போகும்போது இந்தத் தடம் மேட்டில் ஏறுகிறது, புல்வெளி ஓரமாக வளைகிறது, மேம்பாலச் சந்திப்பு வந்தால் கீழே இறங்கிச் சிறு சுரங்கவழிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. லாரிக்காரனுக்கும் நமக்கும் நடுவில் சுவர், வேலி, மண்மேடு.

மோட்டார் சைக்கிளுக்கென்றே தனியாகப் போட்ட தடங்களில் உலகிலேயே முன்னோடி என்று இதைச் சொல்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் உலக வங்கியின் உதவியோடு இதன் முதல் பகுதி அமைந்தது. தலைக்கவசம் கட்டாயம் என்று விதி வந்தது 1973இல். நாடு மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1990களின் தொடக்கத்தில், சுபாங்கிலிருந்து கிள்ளான் வரை சாலை இரு பக்கமும் மும்மூன்று தடங்களாக விரிந்தபோது, இந்தத் தடமும் கூடவே நீண்டது. பிறகு நம் நாட்டு ஆய்வாளர்கள் விபத்துக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். தனித்தடம் வந்தபின் இந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்திருந்தன.

இந்த எண்ணின் கனம் புரிய இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைக்க வேண்டும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு வீட்டில், என் தங்கையைப் போல ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாரும் திரும்பி வருவதில்லை.

சாலையை நவீனமாக்குவது என்றால் என்ன என்று ஒவ்வொரு நாடும் தன் வழியில் பதில் சொல்கிறது. இந்தியாவில் புதிய பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் இரு சக்கர வண்டிகளுக்குத் தடை. வேகமாகப் போகும் காடிகளுக்கு நடுவே அவை ஆபத்து என்பது காரணம். காரணம் தவறில்லை. ஆனால் ஏழைக்கு வேகச் சாலையில் இடமில்லை என்ற முடிவுதான் அதில் மிஞ்சுகிறது. இதே ஆபத்தைக் கண்ட இந்தச் சாலை, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு முடிவு எடுத்தது. ‘நீ வராதே’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘நீ இந்தப் பக்கமாக வா’ என்றது.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். அன்று காலையிலேயே இரண்டு இடங்களில் குழியைச் சுற்றிப் போனோம். ஒரு சுரங்கவழியில் விளக்கு எரியவில்லை. முதல் நாள் மழைத் தண்ணீர் இன்னொன்றில் தேங்கி நின்றது. இரவில் இந்தத் தடத்தில் வழிப்பறி நடப்பதாகக் கேள்விப்பட்டுப் பெரிய சாலையிலேயே லாரிகளோடு போகிறவர்களை எனக்குத் தெரியும். பாதுகாப்புக்காகப் போட்ட பாதையைப் பயத்தினால் விட்டுப்போகிறார்கள் என்றால், அந்தப் பாதை பாதி செத்துப்போனது மாதிரிதான். தடம் போட ஒரு முறை செலவு செய்தால் போதும். விளக்கு எரிய ஒவ்வொரு இரவும் யாராவது கவலைப்பட வேண்டும்.

ஓரிடத்தில் நிறுத்தி, பையனுக்கு என் சொந்தப் பாடங்களைச் சொன்னேன்.

“மழை வந்தா மேம்பாலத்துக்கு அடியில தடத்திலேயே நிக்காதடா. பின்னால வர்றவனுக்கு நீ நிக்கிறது தெரியாது. ஒதுங்கறதுக்குன்னு கட்டின இடம் வரும், அங்க நில்லு. சுரங்கவழிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடு, வெயில்ல இருந்து உள்ள போனா ரெண்டு வினாடி கண்ணு தெரியாது. வளைவுல யாரையும் முந்தாதே.”

“சரி மாமா.”

“சரின்னா போதாது. திருப்பிச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே சொன்னான். மூன்றையும் சரியாகச் சொன்னான்.

டோல் போனது, தண்ணீர் வந்தது

சுபாங்கைத் தாண்டினால் பத்து தீகா. 1988இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை தனியார்மயமானபோது, சுபாங்கிலிருந்து கிள்ளான் வரையிலான இந்தப் பகுதியும் பிளஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பத்து தீகா, சுங்கை ரசாவ் என்று இரண்டு டோல் சாவடிகள் வந்தன. சாலை அகலமானது உண்மை. அதற்கான விலையை ஒவ்வொரு நாளும் ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் கொடுத்தது கிள்ளான்வாசி. கிள்ளானில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை பார்த்த குடும்பங்கள், போக இரண்டு, வர இரண்டு என்று மாதக் கணக்குப் போட்டதை மறந்திருக்கமாட்டார்கள். மோட்டார் சைக்கிள்காரனுக்கு மட்டும் அன்றும் கட்டணமில்லை. அவன் தன் சின்னத் தடத்தில் சாவடியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். அந்தச் சாலையில் அவன் காடிக்காரனைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

2018 ஜனவரி 1ஆம் தேதி இரண்டு சாவடிகளிலும் கட்டண வசூல் நின்றது. இப்போது வேகத்தைக் குறைக்காமலே போகலாம். டோலோடு நெரிசலும் போய்விடும் என்று நம்பியவர்களுக்கு அந்த ஆசை நிறைவேறவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள், தெரியும்.

நவீனச் சாலைக்கும் இயற்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி விடாமல் கொட்டிய மழையில் ஷா ஆலம் பகுதியில் இந்த நெடுஞ்சாலையே நீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான வீடுகள் தண்ணீரில், சாலையிலோ நகர முடியாமல் நின்ற வண்டிகள். ஒரு காலத்தில் மழையைக் குடித்துக்கொண்டிருந்த தோட்ட மண்ணுக்கு மேல் எவ்வளவு சிமெண்டு போட்டிருக்கிறோம் என்று அன்று எல்லாருக்கும் தெரிந்தது.

வலப்புறம் தூரத்தில் ஷா ஆலம் பள்ளிவாசலின் நீலக் குவிமாடம் தெரிந்தது. தடத்தை விட்டு வெளியேறித் தொழிற்சாலை வாசல்வரை போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கதவு மூடியிருந்தது. பையன் கடிகாரத்தைப் பார்த்தான், வந்த நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். பாதுகாவலர் வெளியே வந்து “என்ன வேண்டும்?” என்று மலாயில் கேட்டார். “நாளைக்கு இங்கே வேலைக்கு வருகிறேன்” என்றான். சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

சைக்கிளிலிருந்து இறங்கியவர்கள்

கிள்ளானில் பெரியப்பாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. தெங்கு கிளானா சாலையில், லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளுக்கு நடுவே, காலை தோசைக்கு அவரை அழைத்துப் போனோம். மோட்டாரில் வந்தோம் என்றதும் அவருக்குக் கதை வந்துவிட்டது.

“நான் சுங்கைவே பெக்டரியில ஸ்டோர் பார்த்தப்ப இந்த ரோட்டுலதான் போவேன். கிள்ளான் பக்கம் அப்ப தனி வழி கிடையாது. லாரி பக்கத்துல போனா சட்டை பறக்கும். அங்கிட்டு, மோட்டாருக்குன்னு போட்ட பாதைக்குள்ள நுழைஞ்சதும்தான் மூச்சு வரும். முதல் நாள் அதுல போனப்ப எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு.”

“ஏன் தாத்தா?” என்றான் பையன்.

“அவரு சைக்கிள்ல போவாரு. எதிர்ல துரை வந்தா இறங்கணும். கிராணி வந்தாலும் இறங்கணும். இறங்கி ஓரமா நின்னு, அவங்க போனதுக்கப்புறம்தான் ஏறணும். சொந்தக் காசுல வாங்கின ராலே சைக்கிள்தான். இருந்தாலும் ஏறி உட்கார உரிமை இல்ல.”

பையன் என்னைப் பார்த்தான். பெரியவர் மிகைப்படுத்துகிறாரோ என்று நினைத்தான் போலிருக்கிறது. மிகையே இல்லை. இதே கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் நம் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் இது ஒன்று. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல் இவற்றோடு, துரைகளுக்கும் தோட்ட அலுவலர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆர்.எச். நாதன். அந்த ஆண்டு மே மாதம் அவரைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் கொந்தளித்தார்கள். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

கூலி உயர்வு கேட்டது யாருக்கும் புரியும். ஆனால் சைக்கிளை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்? சாலையில் ஒரு மனிதன் எப்படிப் போகிறான் என்பதில் அவன் மதிப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்துக்குள்ளே குனிந்து வேலை செய்யலாம். சாலையிலாவது நிமிர்ந்து போகவேண்டாமா?

அன்றிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், அவர்கள் இறங்கி நின்ற அதே வட்டாரத்தை ஊடறுத்துப் போகும் நெடுஞ்சாலையில், இரு சக்கர வண்டிக்காரன் யாருக்காகவும் இறங்க வேண்டாத ஒரு தடம் போட்டார்கள். போட்டவர்கள் 1941ஐ நினைத்துப் போடவில்லை. அவர்கள் விபத்துக் கணக்கையும் வண்டிக் கணக்கையும்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் பெரியப்பாவுக்கு அதில் தன் அப்பா தெரிந்தார். கூட்டரசு நெடுஞ்சாலை எத்தனை முறை தரம் உயர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் 1959, 1970கள், 1990கள் என்று தடங்களை எண்ணுவார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சாலை உண்மையில் உயர்ந்தது இடது ஓரத்தில் அந்தச் சின்னப் பாதையைப் போட்ட அன்றுதான். அதனால்தான் அங்கே ஒரு விளக்கு எரியாவிட்டால் எனக்கு உறுத்துகிறது.

சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா ஆற்றங்கரைக்குப் போகலாம் என்றார். கிள்ளான் ஆற்றின் மேல் பழைய கோத்தா பாலம் நிற்கிறது. 1960களின் தொடக்கத்தில் இரண்டு அடுக்காகக் கட்டிய பாலம். அன்று மேலே காடிகள் போயின, கீழே நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் போனார்கள். அந்தக் காலத்திலேயே இரண்டு கால்காரனையும் இரண்டு சக்கரக்காரனையும் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெரியப்பா கீழ்த்தளத்தைக் காட்டினார்.

“அப்பா கடைசிக் காலத்துல சைக்கிளை இதுலதான் ஓட்டிக்கிட்டு வருவாரு. இறங்கவே மாட்டாரு. கூட்டம் இருந்தா மணியடிச்சுக்கிட்டே இருப்பாரு, திட்டு வாங்குவாரு. ஆனா இறங்கமாட்டாரு.”

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்குத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. ‘போய்ச் சேர்ந்துட்டானாம் அண்ணே.’ அதற்குக் கீழே பையன் அனுப்பிய படம் ஒன்றையும் சேர்த்திருந்தாள். தொழிற்சாலையின் மோட்டார் நிறுத்துமிடம், அதில் நூற்றுக்கணக்கான கப்சாய்கள், ஓரத்தில் அவனுடையது.

சிறிது நேரத்தில் அவனிடமிருந்தே இன்னொரு செய்தி: ‘மாமா, அந்தச் சுரங்கவழியில இன்னிக்கும் லைட் இல்ல. யார்கிட்ட புகார் கொடுக்கணும்?’